பருவமழை முன்கணிப்பில் தொடர்புப்போக்கு மாதிரிகளின் தேர்வு: பிள்ளையார்பட்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியப் பருவமழையை முன்கூட்டிக் கணிக்கும் முயற்சி, தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு உலகில் மிக நீண்டகாலம் நடைமுறையில் சோதிக்கப்பட்ட களங்களுள் ஒன்று. கில்பர்ட் வாக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த வாய்பாடு முதல், 1988இல் அறிமுகமான பல்காரணி மாதிரி, 2002ஆம் ஆண்டின் தோல்வி, 2007இல் வந்த மாதிரித் தொகுப்பு முறை வரையிலான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. காரணிகளை எவ்வாறு தேர்வது, எத்தனை காரணிகளை ஏற்பது, மாதிரியை எதனோடு ஒப்பிட்டுச் சோதிப்பது ஆகிய மூன்று வினாக்களும் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்தன. அவற்றுக்கும் முற்பட்ட வினா ஒன்று உண்டு: எந்த மழையைக் கணிப்பது என்பதே அது. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் பிள்ளையார்பட்டி வட்டாரத்தை நோக்குநிலையாகக் கொள்ளும்போது அவ்வினாவின் எடை தெளிவாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தொடர்புப்போக்கு, ஒட்டுறவு, மிகைப்பொருத்தம், பருவமழை, கில்பர்ட் வாக்கர், கண்மாய்ப் பாசனம், செட்டிநாடு.

முன்னுரை

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் இடையே அமைந்த சிற்றூர் பிள்ளையார்பட்டி. கற்பக விநாயகர் குடைவரைக் கோயிலால் தமிழகமெங்கும் அறியப்படுவது. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைக் கொண்டது. கோயிலின் கலைச்சிறப்பும் கல்வெட்டுகளும் பலராலும் ஆராயப்பட்டுள்ளன. அவ்வூரைச் சூழ்ந்த நிலத்தின் நீர்நிலை வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

இவ்வட்டாரத்தில் வற்றாத ஆறு இல்லை. வேளாண்மைக்குக் கண்மாயும் குடிநீருக்கு ஊருணியுமே பன்னெடுங்காலம் ஆதாரமாக இருந்தன. செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரைகள் உள்முற்றத்தை நோக்கிச் சரிவதும், அங்கு விழும் மழைநீரைப் பாத்திரங்களில் பிடித்து வைப்பதும் இந்நீர்ப்பஞ்சத்தின் வெளிப்பாடுகளே. தென்மேற்குப் பருவக் காலத்தில் மாலை நேர இடிமழை ஓரளவு பெய்தாலும், கண்மாய்கள் பெருகுவது ஐப்பசி, கார்த்திகை மழையால்தான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது.

அம்மழை தொடங்குமுன் காய்ந்த நிலத்தில் நெல்லைப் புழுதி விதைப்பாக விதைத்துவிட்டுக் காத்திருப்பது இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் வழக்கம். விதைக்கும் நாளில் உழவர் தம் அனுபவத்தைக் கொண்டு ஒரு முன்கணிப்பைச் செய்கிறார். கணிப்புத் தவறினால் விதைநெல்லும் உழவுக்கூலியும் வீணாகின்றன. அரசும் இதே செயலை எண்களைக் கொண்டு செய்ய முயன்றது. அம்முயற்சி எவ்வாறு வளர்ந்தது, எங்கெங்கே தவறியது என்பதை அடுத்து வரும் பகுதிகள் விளக்குகின்றன.

பஞ்சமும் முதல் முன்கணிப்புகளும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. துறை தொடங்கிய மறுஆண்டே சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சம், மழையை முன்கூட்டி அறிய வேண்டிய தேவையை ஆட்சியாளருக்கு உணர்த்தியது. இமயமலையில் பனி மிகுந்து தேங்கும் ஆண்டுகளில் பருவமழை குறைகிறது என்னும் கருத்தை 1884இல் பிளான்ஃபோர்டு வெளியிட்டார். 1886இல் அரசின் முறையான பருவமழை முன்கணிப்பு தொடங்கியது.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் எலியட், பனியோடு இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் வானிலை நிலவரங்களையும் சேர்த்துக்கொண்டார். ஆயினும் ஒவ்வொரு காரணிக்கும் எவ்வளவு எடை தருவது என்பது கணிப்பவரின் மதிப்பீட்டைப் பொறுத்தே இருந்தது. 1899ஆம் ஆண்டின் கடும் வறட்சியை அம்முறை முன்கூட்டிச் சொல்லவில்லை. எடைகளைத் தனிமனித மதிப்பீட்டிலிருந்து விடுவித்துத் தரவுகளைக் கொண்டே தீர்மானிக்கும் முறை தேவைப்பட்டது.

அதற்கான கருவி அப்போது ஐரோப்பாவில் உருவாகியிருந்தது. நோக்கப்பட்ட மதிப்புக்கும் கணிக்கப்பட்ட மதிப்புக்கும் இடையிலான வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறைவாக அமையும்படி கெழுக்களைத் தெரிவு செய்யும் மீச்சிறு வர்க்க முறையை லெஜாந்தர் 1805இல் வெளியிட்டார். பெற்றோர் உயரத்துக்கும் பிள்ளைகள் உயரத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன் 1880களில் தொடர்புப்போக்கு என்னும் கருத்தை வகுத்தார். கார்ல் பியர்சனும் உட்னி யூலும் அதனைப் பல மாறிகளுக்கு விரித்தனர்.

வாக்கரின் வாய்பாடு

1904இல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் வானிலையாளர் அல்லர். கேம்பிரிட்ஜில் பயின்ற கணிதவியலாளர். தமிழ் வாசகர்க்கு அவர் வேறொரு வகையிலும் அறிமுகமானவர். 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது, துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனின் கணக்குகளைப் பார்வையிட்டு, அவருக்கு உதவித்தொகை வழங்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவர் இவரே. அவ்வாண்டு மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை இராமானுஜனுக்குக் கிடைத்தது.

காற்று மண்டலத்தின் இயக்கத்தைச் சமன்பாடுகளால் முழுமையாக விளக்கும் காலம் வரவில்லை என்பதை வாக்கர் உணர்ந்திருந்தார். எனவே உலகின் பல பகுதிகளிலிருந்தும் அழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, இந்திய மழையோடு அவற்றுக்குள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டார். இக்கணக்குகள் அனைத்தும் கையால் செய்யப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவில் அவர் அமைத்த வாய்பாட்டில் நான்கு காரணிகள் இடம்பெற்றன. அவை இமயமலைப் பனித் தேக்கம், மொரீஷியசின் காற்றழுத்தம், தென்னமெரிக்காவின் காற்றழுத்தம், சான்சிபாரின் மழை ஆகியன. தென்னமெரிக்க அழுத்தம் மட்டும் நேர்க்குறி பெற்றது. ஏனைய மூன்றும் எதிர்க்குறி பெற்றன. அதாவது, அவை மிகும்போது இந்திய மழை குறையும் என்பது வாய்பாட்டின் கூற்று.

இத்தேடலின் பெரும்பயன் வேறொன்றாக அமைந்தது. பசிபிக் பெருங்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் அழுத்தம் துலாக்கோலின் இரு தட்டுகள்போல் ஏறி இறங்குவதை வாக்கர் கண்டறிந்து, 1920களில் அதற்குத் தென் அலைவு எனப் பெயரிட்டார். இன்று எல் நினோ பற்றிப் பேசப்படும் அனைத்துக்கும் அதுவே தொடக்கம்.

தேர்வின் விலை: 1914ஆம் ஆண்டின் எச்சரிக்கை

நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒப்பிட்டு, மிக வலுவான ஒட்டுறவு காட்டுவனவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அதை முதலில் எடுத்துரைத்தவர்களுள் வாக்கரும் ஒருவர். ஓர் உறவு மெய்யானதா, தற்செயலானதா என்பதைத் துணியும் அளவுகோல் பற்றி 1914இல் அவர் தனிக்கட்டுரை எழுதினார்.

அதன் கருத்தை எளிய கணக்கால் விளக்கலாம். மழையோடு எத்தொடர்பும் இல்லாத ஒரு காரணி, தற்செயலாக வலுவான ஒட்டுறவு காட்டுவதற்கான நிகழ்தகவு இருபதில் ஒன்று எனக் கொள்வோம். ஒரே ஒரு காரணியைச் சோதித்தால் ஏமாறும் வாய்ப்பு 5 விழுக்காடு. ஒன்றையொன்று சாராத இருபது காரணிகளைச் சோதித்து அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தால், குறைந்தது ஒன்றாவது தற்செயலாக அந்த அளவை எட்டும் வாய்ப்பு 64 விழுக்காடாக உயர்கிறது. ஐம்பது காரணிகளைச் சோதித்தால் அது 92 விழுக்காடு. எனவே தேர்ந்தெடுத்த காரணியின் மதிப்பை அதன் ஒட்டுறவை மட்டும் கொண்டு துணிய இயலாது. அதைத் தேர்வதற்காக எத்தனை காரணிகள் சோதித்துக் கைவிடப்பட்டன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கைவிடப்பட்டவை வெளியிடப்பெறும் வாய்பாட்டில் இடம்பெறுவதில்லை. ஆகவே தேர்வின் விலை வாசகர் கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது.

இவ்வளவு விழிப்புடன் இருந்தும் வாக்கரின் வாய்பாடுகள் பின்னாளில் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. அமைக்கப்பட்ட காலத்தில் வலுவாக இருந்த பல உறவுகள் பிந்தைய ஆண்டுகளில் தளர்ந்தன. துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த சார்லஸ் நார்மண்ட் 1953இல் இதற்கு ஒரு விளக்கம் அளித்தார். இந்தியப் பருவமழை பிறவற்றால் இயக்கப்படுவதைவிடப் பிறவற்றை இயக்குவதாகவே மிகுதியும் உள்ளது. எனவே அதற்கு முந்தைய நிகழ்வுகளைக் கொண்டு அதனைக் கணிப்பதைவிட, அதனைக் கொண்டு பிந்தைய நிகழ்வுகளைக் கணிப்பது எளிது என்பது அவர் கருத்து.

பதினாறு காரணிகள்: 1988 முதல் 2002 வரை

1987இல் நாடு கடும் வறட்சியைக் கண்டது. அடுத்த ஆண்டில், வசந்த் கோவாரிக்கர் தலைமையிலான குழு உருவாக்கிய புதிய மாதிரி நடைமுறைக்கு வந்தது. விரைவில் அது பதினாறு காரணிகளைக் கொண்ட அடுக்குத் தொடர்புப்போக்கு மாதிரியாக நிலைபெற்றது. இதில் ஒவ்வொரு காரணியும் ஒரு கெழுவோடு ஓர் அடுக்கெண்ணையும் பெற்றது. மாறிலியையும் சேர்த்தால் குறைந்தது 33 எண்களைத் தரவிலிருந்து மதிப்பிட வேண்டும். மழைப் பதிவோ ஆண்டுக்கு ஒன்றே. மேல்வளிமண்டலத் தரவு போன்றவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்தே தொடர்ச்சியாகக் கிடைத்தமையால், பயன்படத்தக்க ஆண்டுகள் சில பத்துகளே.

இங்கு மீச்சிறு வர்க்க முறையின் அடிப்படை இயல்பு ஒன்றைக் கருத வேண்டும். மாதிரியில் ஒரு காரணியைக் கூட்டும்போது, பொருத்தப் பயன்பட்ட ஆண்டுகளுக்கான பிழை ஒருபோதும் மிகாது; குறையும், அல்லது அப்படியே இருக்கும். மதிப்பிட வேண்டிய எண்கள் ஆண்டுகளின் எண்ணிக்கையை நெருங்கும்போது, தொடர்பற்ற காரணிகளைக் கொண்டே கடந்தகால மழையை ஏறத்தாழப் பிழையின்றி மீட்டுரைக்க முடியும். அவ்வாறு அமையும் மாதிரி மழையின் போக்கோடு, அந்தந்த ஆண்டின் தற்செயல் ஏற்றத்தாழ்வுகளையும் மனனம் செய்துவிடுகிறது. இதுவே மிகைப்பொருத்தம். மனனம் செய்தவை புதிய ஆண்டுக்கு உதவுவதில்லை, பிழையையே கூட்டுகின்றன.

இக்குறை பதினான்கு ஆண்டுகள் வெளிப்படவில்லை. அதற்குக் காரணம் மழையே. 1988 முதல் 2001 வரை அகில இந்திய அளவில் வறட்சி ஆண்டு ஒன்றுகூட வரவில்லை. நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களுள் ஒன்று நிலவிய 1997இலும் மழை இயல்பை ஒட்டியே இருந்தது. இத்தகைய காலத்தில், ஆண்டுதோறும் மழை இயல்பாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவந்தாலே பெரும்பாலும் சரியாக இருந்திருக்கும். மாதிரியின் வெற்றியை, நீண்டகாலச் சராசரியை அப்படியே கணிப்பாகக் கொள்ளும் எளிய முறையின் வெற்றியோடு ஒப்பிட்டிருந்தால் அதன் கூடுதல் பயன் எவ்வளவு என்பது தெரிந்திருக்கும். ஒப்பீடு இல்லாத வெற்றி, மாதிரியைப் பற்றி எதையும் உறுதிப்படுத்துவதில்லை.

2002இல் நீண்டகாலச் சராசரியில் 101 விழுக்காடு மழை பெய்யும் எனக் கணிக்கப்பட்டது. பெய்தது 81 விழுக்காடு. விதைப்பு மாதமான ஜூலையில் மட்டும் மழை இயல்பில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. அதே ஆண்டில் டெல்சோல், சுக்லா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, இந்தியப் பருவமழையைப் பொறுத்தவரை இரண்டு அல்லது மூன்று காரணிகள் கொண்ட மாதிரிகள், பல காரணிகள் கொண்டவற்றைவிடப் புதிய ஆண்டுகளை நன்கு கணிக்கின்றன எனக் காட்டியது. கெழுக்கள் மாறாதவை என்னும் நம்பிக்கையும் இக்காலத்தில் ஆட்டம் கண்டது. எல் நினோவுக்கும் இந்தியப் பருவமழைக்கும் இடையிலான உறவு அண்மைப் பத்தாண்டுகளில் தளர்ந்துள்ளது என்று கிருஷ்ணகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1999இலேயே சுட்டியிருந்தனர்.

ஒரு மாதிரியிலிருந்து பல மாதிரிகளுக்கு

2003இல் பதினாறு காரணி மாதிரிக்கு மாற்றாக எட்டு, பத்துக் காரணிகள் கொண்ட மாதிரிகள் வந்தன. 2004இலும் வறட்சி ஏற்பட, அவையும் போதாமை வெளிப்பட்டது. 2007இல் ராஜீவனும் குழுவினரும் வகுத்த மாதிரித் தொகுப்பு முறை நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் கணிப்புக்கு ஐந்து காரணிகளும் ஜூன் கணிப்புக்கு ஆறு காரணிகளும் கொள்ளப்பட்டன. ஐந்து காரணிகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் அமைக்கக்கூடிய மாதிரிகள் 31, ஆறுக்கு 63. அனைத்தையும் பொருத்திப் பார்த்து, அவற்றுள் சிறந்த சிலவற்றின் கணிப்புகளைச் சராசரியாக்குவது இம்முறை. சரியான மாதிரி ஒன்றே ஒன்று உண்டு என்னும் கருத்தைக் கைவிட்டு, தேர்வில் உள்ள ஐயத்தையும் கணிப்பின் பகுதியாக ஏற்றுக்கொண்டது இதன் சிறப்பு.

ஆயினும் 2009இல் ஜூன் மாதக் கணிப்பு 93 விழுக்காடாக இருக்க, பெய்த மழை 78 விழுக்காடாகவே அமைந்தது. சராசரியாக்கும் முறைகள் சராசரியை ஒட்டியே கணிக்கின்றன. மிகக் கொடிய ஆண்டுகளை அவை எட்டுவதில்லை. கணிப்பு மிகத் தேவைப்படுவது அத்தகைய ஆண்டுகளிலேயே. 2012இல் தொடங்கப்பட்ட பருவமழைத் திட்டம், கடலையும் காற்று மண்டலத்தையும் இணைத்துக் கணிக்கும் இயங்கு மாதிரிகளுக்கு முதன்மை அளித்தது இப்பின்புலத்திலேயே.

எதிர்க்குறி: வடகிழக்குப் பருவமழை

மேற்கூறிய மாதிரிகள் கணிக்க முயன்றது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையை, அதுவும் பெரும்பாலும் நாடு முழுவதற்குமான சராசரியை. சார்ந்த மாறி எது என்பது கணிதம் தொடங்குமுன்பே தீர்மானிக்கப்பட்டது. வருவாயையும் உணவு இருப்பையும் நாடு தழுவி நோக்கிய ஆட்சிக்கு அத்தேர்வு இயல்பானதே. பிள்ளையார்பட்டியின் கண்மாய்கள் அக்கணக்கின் சராசரிக்குள் அடங்குகின்றன. ஆனால் அவை நிரம்பும் பருவம் கணக்கில் இல்லை.

இது வெறும் விடுபடல் அன்று. உறவின் குறியே மாறுகிறது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைய முனைகிறது. வடகிழக்குப் பருவமழையோ அவ்வாண்டுகளில் பெருக முனைகிறது. 2015இல் அகில இந்தியத் தென்மேற்குப் பருவமழை 86 விழுக்காடாகக் குறைந்தது. அவ்வாண்டின் வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் இயல்பைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியாக மழை பெய்து, சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. மறுஆண்டு நிலைமை தலைகீழானது. 2016இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 97 விழுக்காடு. அது இயல்பான ஆண்டு என அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நாட்டுக்கான கணிப்பைத் தம் வயலுக்கான கணிப்பாக ஒரு சிவகங்கை உழவர் கொண்டிருந்தால், இரண்டு ஆண்டுகளிலும் தவறான திசையிலேயே சென்றிருப்பார்.

இப்பருவத்துக்கெனத் தனி ஆய்வுகள் இல்லாமல் இல்லை. தென்கிழக்கு மதராஸின் வடகிழக்குப் பருவமழையைக் கணிப்பது பற்றி வி. துரைசாமி ஐயர் 1940களிலேயே எழுதினார். தென்தீபகற்பத்தின் ஐந்து வானிலை உட்பிரிவுகளுக்கான வடகிழக்குப் பருவ முன்கணிப்பை இன்று இந்திய வானிலை ஆய்வுத் துறை தனியே வெளியிடுகிறது. நார்மண்டின் கருத்து இங்குத் துணைநிற்கிறது. தென் அலைவின் போக்கு ஆண்டின் பிற்பகுதியில் நிலைகொள்வதால், செப்டம்பரில் செய்யும் கணிப்புக்கு ஏப்ரலில் செய்வதைவிட உறுதியான அடிப்படை உண்டு. எனினும் இதற்கும் எல்லை உண்டு. வடகிழக்குப் பருவத்தின் மொத்த மழையை ஓரிரு தாழ்வு மண்டலங்களின் பாதையே பலமுறை தீர்மானித்துவிடுகிறது. ஒரு புயல் கடலூரில் கரையேறுகிறதா, நெல்லூரில் கரையேறுகிறதா என்பதைப் பருவம் முழுமைக்குமான தொடர்புப்போக்கு மாதிரி சொல்லாது. ஐந்து உட்பிரிவுகளின் சராசரிக்கும் ஒரு கண்மாயின் நீர்வரத்துக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும், மாதிரி விளக்காத எச்சத்தில் தங்கிவிடுகிறது. ஊர் அளவில் நோக்கினால் அவ்வெச்சமே பெரும்பகுதி.

முடிவுரை

நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றிலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, காரணிகளின் ஒட்டுறவைத் தேடலின் அளவோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். இதனை வாக்கர் 1914இலேயே நிறுவியிருந்தும், எழுபது ஆண்டுகளுக்குப் பின் வந்த பதினாறு காரணி மாதிரி அந்த எச்சரிக்கையின் எல்லையைக் கடந்தது. இரண்டாவது, பொருத்தத்தின் நேர்த்தி கணிப்பின் திறனுக்குச் சான்றாகாது. பொருத்தப் பயன்படாத ஆண்டுகளில், வெறும் சராசரியைவிட மாதிரி எவ்வளவு மேம்பட்டது என்பதே உரைகல். மூன்றாவது, கெழுக்கள் காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை. ஒருமுறை பொருத்திய மாதிரியைத் தொடர்ந்து சோதித்துத் திருத்த வேண்டும். நான்காவது, எந்த மாறியைக் கணிப்பது என்பது கணிதத்தால் விடைகாண இயலாத தேர்வு. அது யாருடைய தேவை முன்னிற்கிறது என்பதைப் பொறுத்தது.

செட்டிநாட்டுக் கணக்கேடுகள் பிள்ளையார் சுழியோடு தொடங்கும். அதற்கு அடுத்து, இது எதற்கான கணக்கு என்பது எழுதப்படும். அதன் பின்னரே எண்கள் வரும். பருவமழை மாதிரிகளின் வரலாற்றில் அவ்வரி பலகாலம் எழுதாமலே கொள்ளப்பட்டது. வட்ட அளவிலான மழைமானிப் பதிவுகளையும் கண்மாய்களின் நீர்மட்டப் பதிவுகளையும் தொடர்ச்சியாகத் தொகுத்து, அவற்றையே சார்ந்த மாறியாகக் கொள்ளும் ஆய்வுகள் பெருகுமானால் இக்குறை ஓரளவு நீங்கும். அத்தகைய கணிப்பு, பெய்யும் என்றோ பெய்யாது என்றோ ஒற்றைச் சொல்லில் அமையாமல், பிழையின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புழுதியில் விதைப்பதா, சில நாள் பொறுப்பதா என்று துணிய வேண்டிய உழவருக்குக் கணிப்பின் எண்ணைவிட அதன் ஐயத்தின் அளவே பயன் மிக்கது. ஏனெனில் கணிப்புத் தவறும் ஆண்டில் மாதிரி திருத்தப்படும், விதைநெல் திரும்புவதில்லை.